'சாமி படம்' என்ற ஃபோல்டர்

என் கம்ப்யூட்டருக்கு ஒரு கேடும் இல்லை. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் என் மேசைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதற்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். திரை முழுவதும் கறுப்பு. எழுத்து மஞ்சள். ஒரு வரிக்கு நாலைந்து சொல்தான் கொள்ளும், அத்தனை பெரிய எழுத்து. மவுஸ் அம்பு என் கட்டைவிரல் நீளம். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் டி.சி. போடுகிற வேலை எனக்கு. பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும் பெற்றோர் கவுன்ட்டர் மேல் எட்டிப் பார்த்து, "மேடம், மானிட்டர் போயிடுச்சா?" என்பார்கள். "அது நல்லாத்தான் இருக்கு சார், உங்க பொண்ணு எந்த கிளாஸ்னு சொல்லுங்க" என்பேன்.

கோளாறு என் கண்ணில். பிறந்ததிலிருந்து. வெள்ளைத் திரை என்பது எனக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் முழு வெளிச்சத்தையும் போட்டுக்கொண்டு எதிரே வருகிற லாரி. அதில் எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் கண்ணில் தண்ணீர் கொட்டிவிடும். கறுப்பின் மேல் மஞ்சளாக, போதிய அளவில் கொடுங்கள், எங்கள் ஆபீசில் யாரைவிடவும் வேகமாக அடிப்பேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதுவதுதான் வழக்கம். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அந்தக் கறுப்பும் மஞ்சளும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. எலுமிச்சை மஞ்சளா, மஞ்சள்தூள் மஞ்சளா என்று முடிவு செய்யவே ஒரு வாரம் ஆயிற்று. எழுத்தைக் கொஞ்சம் கூட்டினால் பட்டன் திரைக்கு வெளியே ஓடிவிடும், கொஞ்சம் குறைத்தால் மூக்கு திரையில் இடிக்கும். கீபோர்டைப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பொறுக்கினேன். பழங்காலத்துக் கனத்த கீபோர்டு, எழுத்துகள் பாதி அழிந்தது. அதன் மேல் நானே மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டேன். ஆக அந்த மேசையில் உள்ள ஒவ்வொன்றும் என் அளவுக்கு நான் செய்துகொண்டது.

எனக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டென்றால் அது 'நார்மல்'. அது தமிழ்ச் சொல்லே இல்லை என்பார்கள். எங்கள் பக்கத்தில் அதைவிட அதிகமாகப் புழங்கும் தமிழ்ச் சொல் ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம். சுகர் நார்மல், பிரஷர் நார்மல், டெலிவரி நார்மல். அந்தச் சொல்லை என் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தவர் சர்வீஸ் அண்ணன்.

சர்வீஸ் அண்ணன் பம்மலிலிருந்து பைக்கில் வருவார். ஐம்பதை நெருங்குகிறவர், நெற்றியில் விபூதி, தோளில் ஸ்க்ரூ டிரைவர் பை. பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்கள் அத்தனைக்கும் அவர்தான் வைத்தியர். கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். அவர் நல்லது செய்கிறவர், அதுதான் தொல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். மூஞ்சியில் பளீரென்று அடித்தது.

"இன்னா மேடம், யாரு இப்டி பண்ணி வெச்சது? மொத்தமும் கருப்பா கீது. எல்லாத்தையும் நார்மலாக்கிட்டேன். இப்ப பாருங்க, எப்டி பளிச்சுனு கீது!" என்றார் அண்ணன். பாராட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. செட்டிங்கை மாற்ற வேண்டுமென்றால் செட்டிங் பக்கத்தைப் பார்க்க வேண்டும். அந்தப் பக்கம் பொடி எழுத்தில், வெள்ளையில் இருக்கிறது. மூக்குக் கண்ணாடியைத் தொலைத்துவிட்டு அதைத் தேடக் கண்ணாடி தேடுகிறவள் கதிதான். பழையபடி ஆக்கி முடிக்க மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் தலைமை கிளார்க் அக்கா என் பக்கத்தில் வந்து, "நீ சொல்லும்மா, நான் அடிச்சுத் தரேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அப்படியும் பிடிவாதமாக ஒரு டி.சி. நானே அடித்தேன். டி.சி.யில் அங்க அடையாளம் என்று ஒரு கட்டம் உண்டு. எந்தக் கன்னத்தில் மச்சம், எந்த முழங்காலில் தழும்பு என்று எழுத வேண்டும். வலது கன்னத்து மச்சத்தை இடது கன்னத்துக்கு மாற்றிவிட்டேன். மறுநாள் அந்தப் பையனின் அம்மா வந்து, பையனையே முகத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லி, "எந்தப் பக்கம்னு நீங்களே பாருங்க" என்றார். ஆபீசில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் விட்டதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. வேறு யாராவது அந்தத் தப்பைச் செய்திருந்தால் வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பார்கள்.

அதற்குப் பிறகுதான் செட்டிங்கைக் காப்பி எடுத்து வைக்கக் கற்றுக்கொண்டேன். கைபேசியை மூக்கருகில் பிடித்துத் தேடித் தேடிப் படித்தேன். நம் வழக்கங்களையெல்லாம் கம்ப்யூட்டர் ஓரிடத்தில் எழுதி வைத்துக்கொள்கிறது. அதில் வேண்டிய பகுதியை மட்டும் ஒரு ஃபைலாக வெளியே எடுக்கலாம். பிறகு எவன் எதைக் கலைத்தாலும் அந்த ஃபைலின் மேல் டபுள் கிளிக் செய்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும். இதை நம்பாமல் ஒரு சனிக்கிழமை பிற்பகல், ஆபீஸ் காலியான பிறகு சோதித்துப் பார்த்தேன். ஃபைலை எடுத்து வைத்துவிட்டு, என் கையாலேயே எல்லாவற்றையும் 'நார்மல்' ஆக்கினேன். வெள்ளை அடித்தது. பயந்துகொண்டே டபுள் கிளிக் செய்து, கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டேன். கறுப்பு வந்தது. அதில் என் மஞ்சள். தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். வாட்ச்மேன் வந்து கதவருகில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அன்று முதல் ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன். என் கம்ப்யூட்டரில் யார் எதைத் தொடுவதானாலும், பிரின்டர் மாற்றுவதானாலும் சரி, முதலில் காப்பி. ஆபீசில் அதைக் கிண்டல் செய்தார்கள். "காப்பி எடுத்தாச்சா?" என்று ஒருவர் கேட்பார். "இன்னும் டிகாஷன் எறங்கல" என்று இன்னொருவர் சொல்வார். பயந்தாங்கொள்ளி என்றும் ஒரு பெயர் கிடைத்தது. பயந்தவள் கம்ப்யூட்டரைத் தொடவே மாட்டாள். நான் எதையும் தொடுவேன், திரும்பி வர வழி செய்துவிட்டுத் தொடுவேன். இந்த வித்தியாசத்தை அவர்களுக்கு விளக்கி விளக்கி அலுத்துவிட்டேன்.

காப்பி எடுப்பது சுலபம், அதைக் காப்பாற்றுவதுதான் பாடு. முதலில் 'என் செட்டிங்' என்று ஒரு ஃபோல்டர் போட்டேன். அண்ணன் அதைத் தேவையில்லாதது என்று அழித்தார். 'முக்கியம்' என்று போட்டேன். எங்கள் ஆபீசில் எல்லோரிடமும் 'முக்கியம்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது, உள்ளே சினிமாப் பாட்டு இருக்கும். இடம் பற்றவில்லை என்றால் முதலில் அதற்குத்தான் கத்தரி. 'பழசு' என்று போட்டால் சீண்ட மாட்டார்கள் என்று நினைத்தேன். அந்த வருடப் போகிக்கு அது போயிற்று.

வழி காட்டியது அண்ணனேதான், தெரியாமல் காட்டினார். ஒரு நாள் தலைமை கிளார்க் அக்காவின் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். கண்ணில் பட்டதையெல்லாம் அழித்துக்கொண்டு வந்தவர் ஒரு ஃபோல்டரில் நின்றார். அதன் பெயர் 'சாமி படம்'. அழிக்கவில்லை. அதை இழுத்துக்கொண்டுபோய்த் திரையின் வலது மேல் மூலையில் வைத்தார்.

"அங்க எதுக்குண்ணா வெக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"அதான் மேடம் வடகிழக்கு. ஈசானி மூலை. சாமி அங்கதான் இருக்கணும்" என்றார்.

அன்று மாலையே என் செட்டிங் ஃபைலை 'சாமி படம்' என்ற ஃபோல்டரில் போட்டேன். நாங்கள் சி.எஸ்.ஐ. கிறிஸ்தவர்கள். எங்கள் வீட்டுச் சுவரில் வசனக் காலண்டரைத் தவிர ஒன்றும் தொங்காது. அம்மாவிடம் சொன்னபோது, "பொய்யும் சொல்லி அதுக்கு சாமியையும் தொணைக்கு கூப்பிட்டியா?" என்று சிரித்தார். அந்த ஃபோல்டரை அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. ஆனாலும் நான் சும்மா இருக்கவில்லை. சாவிக்கொத்தில் ஒரு பென் டிரைவ், அதில் ஒரு பிரதி. மேசை டிராயரில் ஒரு நோட்டு, அதில் ஒவ்வொரு செட்டிங்கும் ஸ்கெட்ச் பேனாவில், பக்கத்துக்கு மூன்று வரி.

இப்படியே வருடங்கள் ஓடின. புதிதாக ஒரு நிர்வாக அலுவலர் வந்தார். ஏ.ஓ. சார். சுறுசுறுப்பானவர், எல்லாவற்றிலும் ஒழுங்கு வேண்டும் என்பவர். வந்த மாதமே எங்கள் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார்:

"போகிக்கு எல்லா சிஸ்டத்தையும் ஃபார்மேட் பண்ணிப் புது சாஃப்ட்வேர் போடப்போறோம். எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும். பிள்ளைங்களுக்கு யூனிஃபார்ம் இருக்கில்ல, அது மாதிரி."

"யூனிஃபார்ம்கூட ஆளுக்கு ஆள் அளவெடுத்துத்தான் சார் தைக்கிறாங்க" என்றேன். வாய் சும்மா இருக்காது எனக்கு.

அவர் என்னைப் பார்த்தார். நான் தொடர்ந்து, "என் சிஸ்டத்துல கை வெக்கிறதுக்கு முன்னாடி எனக்கு அரை மணி நேரம் குடுங்க சார். காப்பி எடுத்துக்கிறேன்" என்றேன்.

"வேலை நேரத்துல அரை மணி நேரம் காப்பிக்கா?" என்றார்.

ஆபீசே வெடித்துச் சிரித்தது. அவர் வேண்டுமென்று சொல்லவில்லை, உண்மையாகவே காப்பி குடிக்கக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். அக்கா விளக்கியதும் அவர் முகம் சிவந்தது. எல்லோர் முன்னாலும் அசடு வழிந்தவருக்கு அதற்குப் பிறகு இறங்கிவர முடியவில்லை. தனிச் செட்டிங் எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டார். பிறகு என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு மெதுவாகப் பேசினார்.

"உங்களக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னுதாம்மா சொல்றேன். ரிசப்ஷன்ல போன் எடுக்கிற சீட் காலியா இருக்கு. அங்க வந்துடுங்க. சம்பளம் அதேதான்."

"நான் டி.சி. போடுறவ சார்."

"சரி. பொங்கல் லீவு முடிஞ்சு வர்ற அன்னிக்குப் புது சாஃப்ட்வேர்ல எல்லாரையும் மாதிரி ஒரு டி.சி. போட்டுக் காட்டுங்க. முடியலன்னா போன் சீட்."

போன் எடுப்பது மட்டமான வேலை இல்லை. ஆனால் அது என் வேலை இல்லை. என்னால் முடிகிற வேலையிலிருந்து, என் நன்மைக்காக என்று சொல்லி என்னைத் தூக்குவதற்கு இவர் யார்? அன்று சானடோரியம் ஸ்டேஷன் வரை பல்லைக் கடித்துக்கொண்டே நடந்தேன். அழவில்லை. மூன்று பிரதி இருக்கும்போது எதற்கு அழ வேண்டும்?

விடுமுறை முடிந்து போனேன். ஆபீஸ் பினாயில் வாசனை அடித்தது. டிராயரைத் திறந்தேன், காலி. போகிச் சுத்தத்தில் பழைய நோட்டையெல்லாம் பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார்களாம். கம்ப்யூட்டரைப் போட்டேன். வெள்ளை. செட்டிங் பக்கத்தையே பூட்டியிருந்தார்கள். பென் டிரைவைச் செருகினேன், நடுவில் ஏதோ கட்டம் வந்தது. அக்கா குனிந்து படித்தார்: "பென் டிரைவுக்கு இனிமே பர்மிஷன் இல்லையாம்மா."

அதற்குள் ஏ.ஓ. சார் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். சர்வீஸ் அண்ணனும் நின்றார், முதல் நாள் என்பதால் வரச் சொல்லியிருந்தார்கள். பெஞ்சில் ஓர் அப்பாவும் எட்டாம் வகுப்பு மகளும். அப்பாவுக்கு வடக்கே மாற்றல், அவளுக்கு டி.சி. வேண்டும். வெளிச்சம் தாங்காமல் என் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது.

"அழாதீங்கம்மா" என்றார் ஏ.ஓ. சார்.

"அழல சார். வெளிச்சம்" என்றேன்.

இனி மிச்சம் ஒரே ஒரு பிரதி. ஃபார்மேட் செய்த கம்ப்யூட்டரில் எதுவும் மிஞ்சாது, எனக்கே தெரியும். ஆனால் ஃபார்மேட் செய்தவர் யார் என்பதும் எனக்குத் தெரியும். அண்ணனிடம் கேட்கவில்லை. கேட்டால், இல்லை என்ற பதிலை அத்தனை பேர் முன்னால் வாங்க வேண்டியிருக்கும். மவுஸை மேலே தள்ளினேன், வலது பக்கம் தள்ளினேன், இனிப் போகாது என்னும் வரை தள்ளினேன். அம்பு எங்கே என்று எனக்குத் தெரியவில்லை, மூலையில் இருக்கும் என்று மட்டும் தெரியும். ஒரு விரல்கடை கீழே, ஒரு விரல்கடை இடது. வடகிழக்கு. டபுள் கிளிக்.

"ஏதோ திறக்குதும்மா" என்றார் அக்கா.

உள்ளே இருப்பது ஒரே ஃபைல். கீபோர்டிலேயே அதைப் பிடித்து என்டர் தட்டினேன்.

"பாஸ்வேர்ட் கேக்குது" என்றார் அக்கா.

"என்ன ஃபைல் அது?" என்றார் ஏ.ஓ. சார்.

"சாமி படம் சார்" என்றார் அண்ணன். "எல்லாத்தையும் அழிச்சேன், அத மட்டும் என் டிஸ்க்ல எடுத்து வெச்சிருந்து திரும்பப் போட்டேன். மனசு வர்ல சார்."

"சாமி படத்துக்கு எதுக்குய்யா பாஸ்வேர்ட்?"

நான் நாற்காலியைத் திருப்பினேன். "அது சாமி படம் இல்ல சார். என் செட்டிங். நீங்க எடுக்கக் கூடாதுன்னு சொன்ன காப்பி, முன்னாடியே எடுத்து வெச்சது. செட்டிங்கைப் பூட்டின பாஸ்வேர்ட் அண்ணன்கிட்டத்தான் இருக்கு, அவர் போடட்டும். போட்டும் என்னால டி.சி. அடிக்க முடியலன்னா நானே எழுந்து போய் போன் சீட்ல உக்காந்துக்கிறேன். பாக்கவே விடாம முடியலன்னு சொல்லாதீங்க."

குரல் உயர்ந்துவிட்டது. பெஞ்சில் இருந்த அப்பா எழுந்து நின்றுவிட்டார். அண்ணன் ஏ.ஓ. சாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு குனிந்து பாஸ்வேர்டைத் தட்டினார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டோம்.

கறுப்பு. அதில் என் மஞ்சள்.

எல்லாம் வந்துவிடவில்லை. அம்பு பொடிசாகவே இருந்தது, அதைப் பெரிதாக்கியது அந்தக் காப்பிக்குப் பிறகு. நான் கேட்ட அரை மணி நேரம் அதற்குத்தான். மவுஸைத் தள்ளி வைத்துவிட்டுக் கீபோர்டிலேயே கட்டம் கட்டமாகத் தாவினேன். பெயர், பிறந்த நாள், வகுப்பு. அங்க அடையாளம் வந்தது. பதிவேட்டை மூக்கருகில் பிடித்துப் படித்தேன். அந்தப் பெண்ணைக் கிட்டே கூப்பிட்டு ஒரு முறை பார்த்தும் கொண்டேன். வலது கன்னத்தில் ஒரு மச்சம். வலது என்றே அடித்தேன்.

ஏ.ஓ. சார் தாளைக் கையில் வாங்கி, தப்பு கண்டுபிடிக்கத் தலைப்பிலிருந்து கடைசி வரி வரை படித்தார். "சரி" என்று சொல்லிவிட்டு, முதல்வரின் கையெழுத்துக்கு அவரே எடுத்துக்கொண்டு போனார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. போன் சீட்டில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். நான் என் நாற்காலியில்தான் இருக்கிறேன்.

அண்ணன் மட்டும் போகவில்லை. அந்த ஃபோல்டரைத் திறந்து திறந்து பார்த்தார். "சாமி எங்க மேடம்?" என்றார் கடைசியில். "நம்பிக்கினு இருந்தேனே. ஏமாத்திட்டீங்களே!"

"ஏமாத்தினேன்தான். வேற வழி வெச்சீங்களாண்ணா?" என்றேன். பிறகு, அவர் இத்தனை வருடமாக என் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பதால், நானே சொன்னேன். தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

இரண்டு மாதம் கழித்து ஏதோ அப்டேட் போட வந்தார். வந்தவர் மவுஸைத் தொடவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்:

"மேடம், உங்க நார்மல் எது?"

இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை என்னிடம் ஒருவர் கேள்வியாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. கேன்டீனிலிருந்து அவருக்கு ஒரு காப்பி வரவழைத்தேன். அவர் அதைக் குடித்து முடிக்கும் வரை என் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், என் காப்பியை எடுத்து முடித்துவிட்டுத்தான் இடம் விட்டேன்.